டீ பேக்டரியில் பேச்சும் கேட்பும்: சூப்பர்வைசர்களுக்கு என்ன பயிற்சி, எப்படி?

கோத்தகிரி_ஆபீஸ் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு பாட்லீஃப் பேக்டரியில் (சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் செய்யும் பேக்டரி) நிர்வாகம் பார்க்கிறேன். மிஷின் பிரச்சினையை விட மனுஷங்களுக்குள்ளே வரும் உரசல்தான் இப்போது பெரிதாக இருக்கிறது. மூன்று இடத்தில் வருகிறது.

ஒன்று, ஷிப்ட் மாறும் நேரம். "நான் சொன்னேன்", "என்கிட்ட யாரும் சொல்லலை" என்று தினமும் வாக்குவாதம். இரண்டு, இலை எடை போடும் இடம். ஈரத்துக்கும் முற்றல் இலைக்கும் கழிக்கும்போது விவசாயிக்கும் எங்கள் ஆளுக்கும் சத்தம். மூன்று, சலிப்பு, பேக்கிங் பகுதிப் பெண்கள். அவர்கள் சண்டையே போடுவதில்லை. எதையும் சொல்வதும் இல்லை. திடீரென்று லீவு, அப்புறம் வேலைக்கு வருவதே நின்றுவிடுகிறது.

ஊட்டியில் ஹால் எடுத்து, சாப்பாட்டோடு ஒரு நாள் பயிற்சி கொடுக்கலாம் என்று ஒரு பயிற்சி நிறுவனம் சொல்கிறது. அதனால் பிரயோஜனம் உண்டா? நாமே நடத்துவதென்றால் எப்படி அமைப்பது? தமிழ், படுகு, இந்தி மூன்றும் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உதகை_பயிற்சி

ஒரு நாள் வகுப்புக்குப் பணம் போடாதீர்கள் சார். அன்றைக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுநாள் சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் ரோலர் மிஷின்) ஓடத் தொடங்கியதும் பழையபடிதான் பேசுவார்கள். காது கொடுத்துக் கேட்பது ஒரு பழக்கம். அது கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு, வேலை நடக்கும் இடத்திலேயே படிய வேண்டும்.

வாரம் ஒருமுறை 45 நிமிடம், ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவுக்கு 9 பேர் போதும், மும்மூன்று பேராகப் பிரிக்க வசதி. உற்பத்தி முடிந்து மிஷின் கழுவியான பிறகு, சாயங்கால இலை லாரி வருவதற்கு முன்னால் ஒரு இடைவெளி கிடைக்கும். அதுதான் சரியான நேரம். சம்பள நேரத்துக்குள் இருக்க வேண்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நிற்பவர்களை உட்காரவைத்துக் "கேட்பது எப்படி" என்று பாடம் எடுத்தால் ஒன்றும் ஏறாது.

முக்கியப் பயிற்சி இது. மூவரில் ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்க வேண்டும். 3 நிமிடம் பேச்சு. கற்பனைக் கதை வேண்டாம், அந்த வாரம் வேலையில் நிஜமாக நடந்த ஒன்று. கேட்பவர் யோசனையும் தீர்ப்பும் சொல்லக் கூடாது. பேச்சு முடிந்ததும் 1 நிமிடத்தில், தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் "ஆமா, அதுதான்" என்றோ "இல்லை, இது விட்டுப்போச்சு" என்றோ சொல்லும்வரை அது முடியாது. கவனிப்பவர் ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டு எண்ணுவார்: எத்தனை முறை இடைமறித்தார், ஆமா-இல்லை என்று முடியும் கேள்வி எத்தனை, கேட்காத யோசனை எத்தனை. பிறகு இடம் மாறுங்கள். மூன்று சுற்றும் 20 நிமிடத்தில் முடியும். மீதி நேரத்தில் போன வாரம் வேலையிடத்தில் முயன்றது எப்படிப் போனது என்று பேசலாம்.

இது புதுச் சரக்கு இல்லை. உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-லேயே இதைத் தொழிற்சாலைச் சூழலுக்காக எழுதிவிட்டார்கள். கேட்பவர் தான் புரிந்துகொண்டதைச் சொன்னவரிடமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வற்புறுத்திய விஷயம்.

எங்கே கெடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

திருப்பிச் சொல்வதைக் கிளிப்பிள்ளை மாதிரி செய்தால் எதிரே இருப்பவருக்கு எரிச்சல்தான் வரும். எண், நேரம், பெயர் இவற்றை அப்படியே சொல்லுங்கள். மற்றதன் சாரத்தைச் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியையே பேக்டரியில் தடை செய்யலாம். அதற்கு "புரிஞ்சுது சார்" என்பதைத் தவிர வேறு பதில் யாரும் சொல்ல மாட்டார்கள். "இப்ப முதல்ல என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்க" என்று கேட்டால்தான் புரிந்ததா என்று தெரியும்.

"ஏன்" என்று தொடங்கினால் காரணம் வராது, சாக்குதான் வரும். "ஏன் ஃபேனை நிறுத்துனே?" என்பதற்குப் பதிலாக "ஃபேனை நிறுத்தும்போது இலை எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். அதே தகவல் கிடைக்கும், ஆள் சுருங்கிப்போக மாட்டார்.

பேசி நிறுத்தியவுடன் பாயாதீர்கள். மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். வகுப்பறையில் ஆசிரியர் கேள்வி கேட்டபின் சுமார் 1 விநாடிதான் காத்திருக்கிறார், அதை 3 விநாடியாக்கினால் மாணவர் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது என்று மேரி பட் ரோ 1970-களில் காட்டினார். மேற்பார்வையாளர் முன்னால் நிற்கும் தொழிலாளிக்கும் அந்த மூன்று விநாடி தேவை. முக்கியமான விஷயம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வெளியே வரும்.

தவறைச் சுட்டிக்காட்டுவது தனிப் பயிற்சி, ஒரு வாரம் முழுக்க அதற்கே கொடுங்கள். "நீ எப்பவுமே சரியா சுத்தம் பண்றதில்லை" என்பது தீர்ப்பு. "செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் ட்ரையர் தட்டுல தூள் நின்னுச்சு, காலையில ஆரம்பிக்க முக்கால் மணி தாமதமாச்சு" என்பது நடந்தது. நடந்ததைச் சொல்லி, அதன் விளைவைச் சொல்லி, "என்ன ஆச்சு?" என்று கேட்டு, கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள். அன்றைக்கே, தனியாகக் கூப்பிட்டு.

முதல் குழுவில் மேனேஜர் உட்கார வேண்டும். அவர் உட்காராவிட்டால் சூப்பர்வைசர்கள் இதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ட்ரையர்ரூம்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் ஷிப்ட் ஒப்படைப்பை ஒழுங்குபடுத்துங்கள். டீ பேக்டரியில் பாதிச் சண்டைக்குக் காரணம் ஆட்களின் குணம் இல்லை, நடுவில் தொலைந்த தகவல்.

ஒரு உதாரணம். ட்ரஃப் என்பது இலையைப் பரப்பி ஃபேன் காற்றில் வாட்டும் தொட்டி. போகிற ஆள் "மூணாம் ட்ரஃப் ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஆயிற்று என்றால் என்ன? அவருக்குக் கைப்பிடியில் உணர்ந்தது. வருகிறவருக்கு எத்தனை மணி நேரம் ஃபேன் ஓடியது என்பது. இரண்டு பேரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் வாடாத இலை சி.டி.சி.க்குப் போனால் ரோலரில் அப்பும், உருண்டை பிடிக்கும். அந்த உருண்டை ட்ரையரில் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரத்தோடு நிற்கும். தூளில் ஈரம் 3 சதவீதம் பக்கம் இருக்க வேண்டியது ஏறிவிடும். திட்டு யாருக்கு? ட்ரையர் ஆளுக்கு. தவறு ட்ரஃபில் நடந்தது, தெரிந்தது ட்ரையரில். இப்படி நாலு முறை நடந்தால் அந்த இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். அவர்களை உட்காரவைத்து "மனம் விட்டுப் பேசுங்கள்" என்றால் எதைப் பேசுவார்கள்?

அதனால் வார்த்தைக்கு அளவு கொடுங்கள். இலை பரப்பும்போது ஒரு கிலோ இலையை வலைப்பையில் நிறுத்துப் போட்டு அதே ட்ரஃபில் மற்ற இலையோடு வையுங்கள். ஒப்படைக்கும்போது அந்தப் பையை எடை போடுங்கள். 78 சதவீதம் ஈரமுள்ள இலையை 70 சதவீதத்துக்கு வாட்டினால் 1000 கிராம் சுமார் 730 கிராமாக நிற்கும். மழை இலையென்றால் மேல் தண்ணீர் தனி, அதைக் குறித்துவைக்க வேண்டும். "ஆயிருச்சு, ஆகலை" என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடும். தராசு சொல்லிவிட்டால் யாருக்கும் மானப் பிரச்சினை இல்லை.

ஒப்படைப்பு முறை: இரண்டு ஷிப்டும் 10 நிமிடம் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்குச் சம்பளம் உண்டு. நின்ற இடத்தில் பேசாமல் ட்ரஃப், சி.டி.சி., பெர்மெண்டிங், ட்ரையர் என்று இலை போகும் வழியிலேயே நடந்துகொண்டு பேசுங்கள். பார்த்தால் நினைவு வரும். நான்கு கேள்வி போதும்: எது ஓடுகிறது, எது ஏன் நின்றிருக்கிறது, எது பாதியில் இருக்கிறது, எதன் மேல் கண் வைக்க வேண்டும். வருகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். போர்டில் ட்ரஃப் வாரியாகக் கிலோ, பரப்பிய நேரம், வலைப்பை எடை எழுதி இருவரும் கையெழுத்து.

பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவது கேள்விதான். பாதியில் நிற்கும் வேலை. 1988-ல் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அது இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை, அந்தப் பம்ப்பை ஓட்டிவிட்டார்கள். 167 பேர் இறந்தார்கள். நம் பேக்டரி அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை, ஆனால் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவைத்த ரோலரில் கை போக ஒரு நிமிடம் போதும்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது: சத்தம். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதிகளில் உள்ள வரம்பு. ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதென்றால் அது பேசுவதற்கான இடம் இல்லை. கத்திச் சொன்னால் சாதாரண வார்த்தையும் ஏச்சாகத்தான் காதில் விழும். சூப்பர்வைசர் அதே குரலோடு பேக்கிங் ரூமுக்குள் போய்ப் பேசுவார், அங்கே இருப்பவர்களுக்கு மிஷின் சத்தம் தெரியாது, இவர் கோபம் மட்டும்தான் தெரியும். சி.டி.சி. ரூமுக்குள் ஐந்து கை சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள்: நிறுத்து, இலை குறை, இலை கூட்டு, இங்கே வா, ஆபத்து. மற்றதை வெளியே வந்து பேசுங்கள். காதடைப்பான் போட்ட ஆளிடம் வாய்ப்பேச்சில் உத்தரவு கொடுத்துவிட்டு "கேட்கலையா" என்று கேட்பது நியாயமே இல்லை.

குன்னூர்_வார்டு

ஆஸ்பத்திரியில் ராத்திரி டாக்டருக்கு போன் செய்ய ஒரு வரிசை சொல்லித் தருவார்கள், எஸ்.பி.ஏ.ஆர். என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்தது. இப்போதைய நிலை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும். ராத்திரி மேனேஜரைக் கூப்பிட உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

"சார், ட்ரையர் சூடு 20 டிகிரி இறங்கிருச்சு. அரை மணி முன்னாடி புது விறகு போட்டோம், ஈரமா இருக்கு. அடுப்பு பிடிக்கலைன்னு நினைக்கிறேன். காய்ஞ்ச விறகு வர்ற வரைக்கும் ஃபீடைப் பாதியாக் குறைக்கட்டுமா?"

இருபது விநாடியில் முடிந்தது. மேனேஜர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் ஆமா, இல்லை சொல்லிவிடலாம். மூன்றாவது பகுதியைச் சொல்லத்தான் சின்னப் பதவியில் இருப்பவர்கள் தயங்குவார்கள், "நாம எப்படிக் கணிப்புச் சொல்றது" என்று. அதைச் சொல்லச் சொல்லி மேலே இருப்பவர் கேட்க வேண்டும்: "நீங்க என்ன நினைக்கிறீங்க?" கணிப்பு தப்பாகப் போனாலும் அதற்காகத் திட்டக் கூடாது. ஒருமுறை திட்டினால் அடுத்த முறை போனே வராது.

கோத்தகிரி_ஆபீஸ்

ரொம்ப நன்றி. வலைப்பை யோசனையை நாளைக்கே ஆரம்பிக்கிறேன். இன்னும் மூன்று விஷயம் பாக்கி: பேக்கிங் பெண்களின் மௌனம், இந்தி மட்டும் தெரிந்த பையன்கள், இலை எடை போடும் இடம்.

பந்தலூர்_சங்கம்

மௌனத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அவர்களுக்குப் பேசத் தெரியாமல் இல்லை சார். முன்பு சொன்னதற்கு என்ன பதில் கிடைத்தது என்று பாருங்கள். சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் மறுபடி சொல்வதில் என்ன லாபம்? கேட்கும் பயிற்சி கொடுத்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும். முன்பு "இவங்களுக்குத் தெரியாது" என்று நினைத்தார்கள், இனி "தெரிஞ்சும் செய்யலை" என்று நினைப்பார்கள்.

அதனால் ஒரு நோட்டு வையுங்கள். சொன்ன தேதி, சொன்ன விஷயம், யார் பொறுப்பு, பதில் தேதி. ஏழு நாளுக்குள் பதில் போக வேண்டும். "முடியாது, காரணம் இது" என்பதும் பதில்தான், அதையும் நேரில் சொல்ல வேண்டும். முதல் மாதத்தில் செலவில்லாத சின்னக் குறை இரண்டு மூன்றையாவது தீர்த்துக் காட்டுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள், தூள் பறக்கும் இடத்துக்கு மாஸ்க், பஸ் நேரத்துக்கு ஒத்துவரும்படி பத்து நிமிடம். பெரிய விஷயம் அதற்குப் பிறகுதான் வாய்க்கு வரும்.

கேட்பதற்கு யாரை அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அதே சூப்பர்வைசர் போய்க் கேட்டால் "ஒண்ணும் குறை இல்லைங்க" என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவில் ஹாதார்ன் ஆலையில் 1928-லிருந்து 1930 வரை 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பேட்டி எடுத்தார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடு போனார்கள், ஆட்கள் பட்டியலை விட்டு வேறு விஷயத்துக்கே போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு பட்டியலை விட்டுவிட்டு, அவர்கள் பேச விரும்பியதையே பேசவிட்டார்கள். இங்கேயும் அதே மாதிரி செய்யுங்கள். தனியாக, 20 நிமிடம், "இங்க வேலை செய்யறதுல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று ஒரே கேள்வி. கும்பலாக உட்காரவைத்துக் கேட்டால் வயதில் மூத்தவர் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள்.

அம்மா வயதுப் பெண்ணை "ஏய், இங்க வா" என்று கூப்பிடும் ஆளுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது. வாங்க, போங்க, அக்கா, அம்மா. இதை முதல் நாளே எல்லா சூப்பர்வைசருக்கும் விதியாகப் போடுங்கள்.

கேட்டுத் தீர்த்துவைக்கக் கூடாத விஷயமும் உண்டு. பாலியல் தொந்தரவு பற்றி ஒரு பெண் சொன்னால் சூப்பர்வைசர் சமாதானம் பேசக் கூடாது, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைக்கவே கூடாது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், புகார் அங்கே போக வேண்டும். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை. பயிற்சியில் இதை அரை மணி நேரம் தனியாகச் சொல்லுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர் குழுவும் வேண்டும், அதில் தொழிலாளர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில். மேலே சொன்ன நோட்டு அந்தக் குழுவின் முன்னால் மாதம் ஒருமுறை வரட்டும்.

சிறுவிவசாயி_எடப்பள்ளி

எடை போடும் இடத்தைப் பற்றி விவசாயி பக்கத்திலிருந்து. ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம் கூட இல்லாத இடத்தில் நீளமாகப் பேச முடியாது, அதனால் செய்முறையே பேச வேண்டும். தராசு முகம் விவசாயி பக்கம் திரும்பியிருக்கட்டும். மொத்த எடையை வாய்விட்டுச் சொல்லி, கழிவையும் காரணத்தையும் தனித்தனியாகச் சொல்லி, பிறகு சீட்டு எழுதுங்கள். "122 கிலோ, மழை ஈரத்துக்கு 6, நிக்கறது 116. பாருங்க அண்ணா, சரியா?" எழுதி முடித்துவிட்டுச் சொன்னால் அதுதான் சண்டை, ஏனென்றால் பேச இடமே வைக்கவில்லை.

முற்றல் இலை பற்றித் தகராறு வந்தால் குரலை உயர்த்தாமல் மாதிரி எடுங்கள். சாக்கின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் கலந்து 100 கிராம். இரண்டு இலை ஒரு மொட்டு, மூன்று இலை ஒரு மொட்டு, இளம் பஞ்சி (மொட்டு வளராமல் நின்ற இளந்தளிர்) ஒரு பக்கம். முற்றியது இன்னொரு பக்கம். விவசாயியே பிரிக்கட்டும். காம்பை வளைத்தால் பட்டென்று முறிவது இளசு, நாராக இழுப்பது முற்றல். இரண்டு குவியலையும் நிறுத்தால் அந்த கிராம்தான் சதவீதம். பின்னால் நிற்கும் வண்டிகளை நிறுத்தாமல் இதைச் செய்யத் தனி மேசையும் ஒரு ஆளும் வேண்டும். ஆத்திரத்தில் வருகிறவரிடம் முதல் வாக்கியம் விதியாக இருக்கக் கூடாது. "போன வாரமும் கழிச்சாங்கன்னு சொல்றீங்க, ரெண்டு சீட்டையும் வெச்சுப் பாத்துடலாம்" என்று சொல்லிப் பாருங்கள், பாதிச் சூடு இறங்கிவிடும்.

உதகை_பயிற்சி

ட்ரையர்ரூம் அண்ணன் சொன்ன வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். ஒப்படைப்பை முதல் இரண்டு வாரத்தில் வைத்துவிட்டு, மும்மூன்று பேர் பயிற்சியை மூன்றாவது வாரம் தொடங்குங்கள்.

இந்தி பேசும் பையன்களுக்கு: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா ஆலைகளுக்குக் கொண்டுவந்த டி.டபிள்யூ.ஐ. (ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) பயிற்சியின் நான்கு படி போதும். ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்யவிடு, பிறகு போய்ப் பார். ஒரு வேலையை ஐந்து ஆறு முக்கியப் படியாக உடைத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு போட்டோ ஒட்டுங்கள். மூன்றாவது படியில் அவர்கள் செய்துகொண்டே தங்கள் மொழியில் சொல்லட்டும், கை சரியாகப் போகிறதா என்று பார்த்தால் உங்களுக்குப் புரிந்துவிடும். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரையே எப்போதும் மொழிபெயர்க்க விடாதீர்கள். அவருக்குப் பிடிக்காத ஆள் சொன்னது உங்களிடம் வந்தே சேராது.

பலன் தெரிந்ததா என்று பார்க்க, வகுப்பு முடிவில் "நன்றாக இருந்ததா" என்று படிவம் நிரப்பச் சொல்வதில் அர்த்தமில்லை. டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-ல் பயிற்சியை அளக்க நான்கு நிலை சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, விளைவு மாறியதா. நீங்கள் அளக்க வேண்டியது கடைசி இரண்டு. தொடங்குவதற்கு முன் நான்கு வாரக் கணக்கு எடுத்துவையுங்கள்: போர்டில் இரண்டு கையெழுத்தும் இல்லாத ஒப்படைப்பு எத்தனை, திரும்ப ட்ரையரில் போட்ட தூள் எத்தனை கிலோ, எடை மேசையில் மாதிரி எடுக்கும்வரை போன தகராறு எத்தனை, சொல்லாமல் எடுத்த லீவு எத்தனை, குறை நோட்டில் ஏழு நாள் தாண்டியது எத்தனை. ஆறு வாரம் முடிந்ததும் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை அதே கணக்கை எடுங்கள். தென்மேற்குப் பருவமழை நடுவில் வந்தால் ஈர இலைத் தகராறு எப்படியும் கூடும், அதை மழை மாதத்தோடு மழை மாதமாகத்தான் ஒப்பிட வேண்டும்.

குறை நோட்டில் எழுதுவது முதல் இரண்டு மாதம் ஏறும். அதைப் பார்த்துவிட்டு "பயிற்சியால் பிரச்சினை கூடிவிட்டது" என்று முதலாளி நிறுத்தச் சொல்லலாம், அதனால் தொடங்கும்போதே அவரிடம் இதைச் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது ஏழு நாளுக்குள் பதில் போகிறதா என்பதைத்தான்.